ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்ட கைகள்

பதினோரு வருசம் கண்டக்டராக என் முதுகுக்குப் பின்னால் நின்ற மக்கா ஞானதாசுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து ரெண்டரை வருசம் ஆகப்போகிறது. உனக்கு என்ன, சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவன் நான்தான் லே.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாளை எடுத்து வைத்தேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை முற்றத்துக்குப் போய்விட்டு வந்தாயிற்று. "குட்டி போட்ட பூனை கணக்கா எதுக்கு இப்படி அங்கயும் இங்கயும் நடக்கியோ? ஒண்ணு இருங்கோ, இல்லேன்னா படுங்கோ" என்று என் வீட்டுக்காரி பகவதி அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு என்மேல் விசாரணை. ஆமா மக்கா, என்மேல்தான். இருபத்தொன்பது வருசம் வண்டி ஓட்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவன் என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன்! நீயும் சளைக்காமல், "டிரைவரே, பெருமையக் கொஞ்சம் கொறையும். அது நம்ம வண்டியில டிக்கெட் எடுக்காம ஏறின ஆளாக்கும்" என்பாய். அந்த ஆளை இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இப்போது அனுபவிக்கிறேன்.

நாற்பது நாளாக வண்டியைத் தொடவிடாமல் டெப்போவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. நாளைக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. நீ மட்டும் எப்படி லே தினமும் கேட்டு வாங்கினாய்?

தினமும் காலையில் நம் முதல் ட்ரிப்பு உனக்கு மறந்திருக்காது. நாகர்கோவிலில் அஞ்சேகாலுக்கு எடுத்து, தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. நான் இஞ்சினைப் போட்டு உறும விட்டுக்கொண்டிருப்பேன். நீ ஏற மாட்டாய். வண்டிக்குப் பின்னால் போய்த் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். ஒரு நிமிசமோ ரெண்டு நிமிசமோ, எனக்கு அது ஒரு மணி நேரம். டைம் கீப்பர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார். நான் ஹாரனில் கையை வைத்து அமுக்குவேன். "லேய் ஞானதாசு, உன் ஆண்டவருக்கு டைம் ஷீட்டு தெரியாதா? அஞ்சேகாலுன்னா அஞ்சேகால்தான்!" நீ பாட்டுக்கு நிதானமாக வந்து, படியில் ஏறி, ரெண்டு விசில் கொடுப்பாய்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். பேச்சிப்பாறையில் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அப்படி என்னதான் தினமும் கேக்குற? பிரமோஷனா?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன் டிரைவரே. 'ஆண்டவரே, இண்ணைக்கு நான் காண வேண்டியதக் காட்டும்' எண்ணு செல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன்."

"காட்டுவாரா?"

"காட்டுவாரு. இண்ணைக்குக் காட்டினாரு. பின் வீலுல ஒரு நட்டு லூசு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று காலையில் நீ மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏதோ முடுக்க வைத்தாய். நான் அதற்கும் சேர்த்துத்தான் ஹாரன் அடித்திருந்தேன். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "இதெல்லாம் கண்ணத் தொறந்து பாத்தாலே தெரியும். இதுக்கு எதுக்குவே ஜெபம்?" என்றேன்.

"கண்ணத் தொறந்துகிட்டுத்தான் நீரும் தினமும் அதுக்கப் பக்கத்தில நடக்கேரு. கண்டேரா?" என்றாய்.

டீ ஆறிப்போச்சு என்று டீக்கடைக்காரனிடம் சண்டை போட்டேன்.

நீ செத்தது உன் வார ஓய்வு நாளில். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆட்டோவில் ஏறி, வழியிலேயே போய்விட்டாய். நான் அந்நேரம் உன் இடத்தில் வேறொருவனை வைத்துக்கொண்டு தக்கலையில் அரண்மனை பார்க்க வந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் ஆறவில்லை. வண்டியில் என் பின்னால் விழுந்திருந்தால், முழு வண்டியையும் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே விட்டிருப்பேன் லே. எவன் தடுத்திருப்பான்?

உன் வாரிசு வேலை உன் மகள் ஷைனிக்குக் கிடைத்தது உனக்குத் தெரியுமா? ஆறு மாசம் முன்னால் கண்டக்டராக வந்தாள். நான்தான் அதிகாரியிடம் நடையாய் நடந்து நம் வண்டியிலேயே போட வைத்தேன். முதல் நாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, "போலாமா மாமா?" என்று வந்து நின்றாள். "ஏறு பிள்ளே" என்று சொல்லிவிட்டு இஞ்சினைப் போட்டேன்.

அவள் ஏறவில்லை. சைடு கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. உன் முழங்கை. வளைவு, நிற்கிற கோணம், எல்லாம் அப்படியே நீ. என்னால் தாங்க முடியவில்லை மக்கா. தலையை வெளியே நீட்டிக் கத்திவிட்டேன். "ஏட்டி ஷைனி, அதெல்லாம் இனி வேண்டாம்! நேரமாச்சு, ஏறு. கும்பிட வேண்டியத எல்லாம் போற வழியில நான் கும்பிட்டுக்கிடுதேன்!"

பிள்ளை முகம் சின்னதாகிவிட்டது. ஏறி விசில் கொடுத்தாள். மறுநாள் அவள் பின்னால் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? நான் வழியில் கும்பிட ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், அதுவரைக்கும் நான் கோயிலைத் தாண்டும்போது ஹாரனைக்கூடக் குறைக்காதவன். நம் ஜில்லாவில் சாமிக்கு என்ன பஞ்சம்? ஒரு பர்லாங்குக்குச் சிலுவை நட்ட ஒரு குருசடி, அதைத் தாண்டினால் சுடலைமாடன், அப்புறம் ஒரு பள்ளிவாசல், அப்புறம் பிள்ளையார். எல்லாருக்கும் ஒரு கை எடுத்து நெஞ்சில் வைத்து உதட்டில் வைப்பேன். "இண்ணைக்கு ஒண்ணும் ஆகப்படாது, பிள்ளை வண்டியில இருக்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பேச்சிப்பாறை போய்ச் சேர்வதற்குள் கை ஓய்ந்துவிடும். பக்தி வந்துவிட்டது என்று பகவதிக்கு ரொம்பச் சந்தோசம்.

இப்போது சொல்லப்போவதை அதிகாரியிடம் சொல்லவில்லை. பகவதியிடமும் சொல்லவில்லை. நீ திட்டிக்கொள்.

குலசேகரம் தாண்டி ஒரு வளைவில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறதே, அங்கே. எல்லாருக்கும் ஒரு கை. ஆனால் இசக்கியம்மனை ஒத்தைக் கையில் கும்பிட எனக்குப் பயம். அவள் கோபக்காரி, மரியாதைக் குறைச்சல் ஆகிவிடும் என்று ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவேன். ரெண்டு கையையும் லே! வளைவில்! இருபத்தொன்பது வருசம் ஓட்டினவன்! அன்றைக்குக் கொண்டைப்பூவும் செவ்வரளியுமாக அம்மனுக்கு நல்ல அலங்காரம். ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டேன்.

திரும்பினால் எதிரே ஒரு டிவிஎஸ் வண்டி. பின்னால் ரப்பர் ஷீட்டுக் கட்டு. பிரேக்கைப் போட்டு ஒடித்தேன். இடிக்கவில்லை, ஆனால் அந்த மனுசன் தடுமாறிப் போய் ஓடைக்குள் விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. பெயர் தங்கப்பன். பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரத்தில் கத்தி பிடிக்கிற கை அது.

ஆட்கள் இறங்கித் தூக்கினார்கள். அவர்மேல் புளித்த வாடை அடித்தது. யாரோ ஒருத்தன், "ஆளு நல்ல தண்ணி!" என்றான். உடனே நாலு பேர் தலையை ஆட்டினார்கள். அது ரப்பர் ஷீட்டு நாற்றம். அந்த ரூட்டில் பதிமூணு வருசம் ஷீட்டுக் கட்டை ஏற்றி இறக்கினவனுக்கு அந்த நாற்றம் தெரியாதா? எனக்கு அந்த நிமிசமே தெரியும். தங்கப்பன் ஓடையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடிக்கல்ல, நான் குடிக்கல்ல" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் டெப்போவில் வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். 'எதிரே வந்தவர் நிதானம் இல்லாமல் வந்தார்' என்று எழுதினேன். குடித்திருந்தார் என்று எழுதவில்லை பார், எவ்வளவு நல்லவன் நான்! ஷைனி எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.' அவள் இஞ்சின் பக்கத்தில் நின்று என் ரெண்டு கையையும் பார்த்தவள். எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் போனாள்.

தங்கப்பன் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அவர் பெண்சாதி லீலா டெப்போ வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடையை விரிக்காமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாரே, நான் கேசுக்கு ஒண்ணும் வரல்ல. ஒரு காரியம் மட்டும் கேக்கணும். நீங்க கிட்டக்க நிண்ணு பாத்த ஆளு. அவரு குடிச்சிருந்தாரா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. விசாரணையில இருக்கு. பேசப்படாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நாலு வருசத்துக்கு முன்ன பிள்ளைக்க தலையில கைய வச்சுச் சத்தியம் செஞ்சாரு, இனி தொடமாட்டேன் எண்ணு. ஊரே குடிச்சாரு எண்ணு செல்லுது. அவரு இல்ல எண்ணு செல்லுதாரு. நான் ஆர நம்ப? கட்டு அவுக்கது வரைக்கும் கஞ்சி வச்சுக் குடுப்பேன். பேச்சு கிடையாது. பின்ன பிள்ளையக் கூட்டிக்கிட்டு எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போவேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வருகிற புதன்கிழமை கட்டு அவிழ்க்கிறார்கள்.

அன்றிலிருந்து அலைகிறேன். எங்கள் குடும்பத்துச் சாஸ்தா கோயில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிறது. அங்கே போய்ப் பூக் கேட்டேன். சாமி மேல் வைத்த பூ வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். அந்த ஊர்க் காற்று உனக்குத் தெரியும், காற்றாலைக் காற்றாடி எல்லாம் தலைவிரித்துச் சுற்றுகிற இடம். 'உண்மையைச் சொல்லட்டுமா சாமி?' என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு காற்று வந்தது பார், வலதுபக்கப் பூ, இடதுபக்கப் பூ, மாலை, பூசாரி வைத்திருந்த வாழையிலை எல்லாம் பறந்து என் காலடிக்கு வந்துவிட்டது. இதில் சாமி சொன்னது எது, காற்று சொன்னது எது? பூசாரி, "இன்னொரு நாள் வாரும்" என்றார்.

உன் சபைக்கும் போனேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்தபோது எழுந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன். அப்புறம் உன் கல்லறைக்கு முன்னால் போய், "நீயாவது சொல்லித் தொலையேன் லே" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்த வந்த ஒரு அம்மா பயந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் ஷைனி எழுதியதும் பொய் என்று ஆகிவிடும். அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. உன் வேலை அது. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை? இப்படித்தான் நாற்பது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் மறைப்பானேன், பாதி அவளுக்காக என்றால் பாதி என் கோழிக்குஞ்சுப் பெருமைக்காக. பாதி கூட இல்லை. முக்கால்வாசி.

இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவன், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் கிளம்பினேன். கால் தானாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. ரெண்டு மணி ட்ரிப்புக்கு நம் வண்டி நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பதிலாக வந்திருக்கிற டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். ஷைனி டைம் கீப்பர் அறையில் இருந்தாள். நான் வண்டிக்குப் பின்னால் போனேன். இத்தனை வருசத்தில் நீ நின்ற இடத்தில் நான் ஒரு தடவைகூட நின்றதில்லை. உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தேன். வெயிலில் சுள்ளென்று சுட்டது. எடுக்கவில்லை.

'சிவனே' என்று தொடங்கி, உன் வார்த்தையை அப்படியே சொன்னேன். காண வேண்டியதைக் காட்டும். உன் ஆண்டவரும் என் சிவனும் இதற்காகச் சண்டை போட மாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பூ ஒன்றும் விழவில்லை. லீலா வந்தாள். அந்த விரிக்காத குடையும், அதைப் பிடித்திருந்த ரெண்டு கையும். 'அவரு குடிச்சிருந்தாரா?'

அவ்வளவுதான் மக்கா. சொல்லவா வேண்டாமா, சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கோயில் கோயிலாகக் கேட்டதற்கு எல்லாம் பதில் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியுமே! முதல் நாளே தெரியுமே! தெரிந்த பதிலை மடியில் கட்டிக்கொண்டு, வேறு பதில் தாரும் தாரும் என்று சாமிகளை எல்லாம் தொந்தரவு செய்திருக்கிறேன். சாஸ்தா பூவை அள்ளி என் காலில் போட்டது கோபத்தில்தானோ என்னவோ.

திரும்பினால் ஷைனி நிற்கிறாள். நான் கை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. "என்ன மாமா?" என்றாள்.

"ஒரு டிக்கெட் கொடு பிள்ளே. இசக்கியம்மன் வளைவு."

அவள் மிஷினை அமுக்கவில்லை. நான் சொன்னேன். "தங்கப்பன் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு விசாரணையிலயும் உள்ளதச் சொல்லப் போறேன். உனக்குக் கஷ்டம் வரும். நான் எழுதச் சொன்னேன்னு சொல்லிரு. அப்படியே நானும் சொல்லுதேன்."

"எங்கிட்ட ஆரும் கள்ளம் எழுதச் செல்லல்ல மாமா. உங்க முகத்தப் பாத்து நானா எழுதினது. அதுக்கு இன்னொரு கள்ளம் எதுக்கு?" என்றாள். மிஷினை அமுக்கிக்கொண்டே, "அண்ணைக்கு மொதலு எனக்க அம்மா எங்கிட்ட சரியா முகம் குடுத்துப் பேசல்ல. நான் செல்லாமலே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். டிக்கெட்டைக் கிழித்து என் கையில் தந்தாள். அது உன் குரல் இல்லை, உன் பேச்சும் இல்லை. அவளுடைய சொந்தப் பேச்சு. எனக்கு அது பிடித்தது.

பயணியாக உட்கார்ந்து அந்த ரூட்டில் போனது இதுதான் முதல் தடவை. அந்த டிரைவரும் குருசடிக்கு ஒரு கை, மாடனுக்கு ஒரு கை என்று போட்டுக்கொண்டே போனார். 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யோசித்துப் பார், நமக்கு அந்தப் போர்டு; சாமிகள் மட்டும் பேசலாமா? நீ நின்ற வண்டியில் பேசி முடித்துவிட்டு ஏறினாய். நான் ஓடுகிற வண்டியில் பேசினேன். எனக்கு இது புரிய ஒரு மனுசன் கை ஒடிய வேண்டியிருந்தது.

வளைவுக்குப் பக்கத்திலேயே வீடு. தங்கப்பன் முற்றத்தில் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் பால்வெட்டுக் கத்தி. ஒரு விறகுக் கட்டையில் இடது கையால் வரி போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கோணல் கோணலாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். லீலா உள்ளிருந்து கஞ்சிச் சட்டியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "உங்க வீட்டுக்காரரு குடிக்கல்லம்மா. அது ரப்பர் ஷீட்டுக்க மணம். எனக்கு அண்ணைக்கே தெரியும். வளைவுல நான் ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில இருந்து எடுத்துச் சாமி கும்பிட்டேன். தப்பு என்னுது. எழுதிக் கொடுத்தது பொய். நாளைக்கு விசாரணை."

என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தை ஏதாவது வரும் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அந்த மனுசன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை லே. லீலாவைத்தான் பார்த்தார்.

"கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "இத நாளைக்கு அங்கயும் செல்லுவீங்களா சாரே?" என்றாள்.

"சொல்லுவேன்."

"அப்பம் போங்கோ" என்றாள்.

போய்விட்டேன். குடிக்க ஒரு வாய் வெள்ளம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, எதற்குக் கேட்க வேண்டும்? முற்றம் தாண்டி இறங்கும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, அவரிடம். "கஞ்சி ஆறுது. வாங்கோ." ஒரு மாசத்துக்கு மேலாகப் பேச்சு நின்றிருந்த வீடு அது. நான் ரோட்டோரம் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமில்லாமல் அழுதேன் மக்கா.

அந்தக் கண்ணீரோடு எதிரே பார்த்தால், இசக்கியம்மன். காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டு கையையும் எடுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கும்பிட்டேன். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் இத்தனை நாளும் அவளைக் கோபக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பேச்சிப்பாறை போன வண்டி திரும்பி வந்தது. கை காட்டினேன். ஷைனி படியில் நின்றே, புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டாள். "சொல்லிட்டேன் பிள்ளே" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரெண்டு விசில் கொடுத்தாள். ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட நீளம். டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.

இப்போது நிம்மதியா என்று கேட்பாய். இல்லை லே. நாளைக்கு என்னை வீட்டுக்குப் போ என்று சொல்வார்களோ, ஷைனியை என்ன செய்வார்களோ, ஒன்றும் தெரியாது. பகவதியிடம் இப்போதுதான் சொன்னேன். "இத நாப்பது நாளு முன்னாடி சொல்லியிருந்தா இத்தன கோயிலுக்கு எண்ணெய் வாங்கியிருக்க வேண்டாமே" என்றாள். அவள் என்றைக்கு என்னை விட்டாள்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே ஒரு நிமிசம் நிற்பேன். காப்பாற்று என்று கேட்க மாட்டேன். காண வேண்டியதைக் காட்டு என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே போனதும் உள்ளதைச் சொல்வேன். மறுபடியும் ஸ்டியரிங் கையில் வந்தால், வண்டி ஓடும்போது ரெண்டு கையும் அதன்மேல்தான், எதிரே எந்தச் சாமி எந்த அலங்காரத்தில் நின்றாலும். வராவிட்டாலும் மறுநாள் காலை அஞ்சேகாலுக்கு நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஷைனியைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போவேன். நான் சத்தம் போட்டு எடுக்க வைத்த கையை அவளே அந்தத் தகரத்தில் திரும்ப வைக்கட்டும். அவள் எவ்வளவு நேரம் நின்றாலும், டைம் கீப்பர் தலைகீழாக நின்றாலும், நான் ஹாரன் அடிக்கவோ அடிக்க விடவோ மாட்டேன்.

உன் விசிலுக்குக் காத்திருந்து பழகிய,
உன் மகளுக்கு மாமன்,
சிவதாணு